அம்மா படித்தாள், அப்பா பேசினார்

நம் வயதில் நாலு பேர் கூடினால் சர்க்கரை அளவு, முட்டிவலி, கோலாலம்பூரிலிருந்து எட்டிப் பார்க்காத பிள்ளை என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். போன மாதம் மட்டும் நம்மில் ஒருத்தி பையிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் போட்டு, “படிச்சீங்களே, எப்படி இருக்கு?” என்று கேட்டாள். “நல்லா இருக்கு” என்றோம். அதற்கு மேல் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தேநீர் வந்தது. பேச்சு மறுபடி முட்டிவலிக்குப் போய்விட்டது.

என் அம்மா அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். அவளைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது ஒரு வருஷத்துக் கதை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

பினாங்கில் குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா மண்டி. பலகைத் தரையின் இடுக்குகள் வழியாகக் காய்ந்த மிளகாயின் நெடி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். துணியில், தலையணையில், சோற்றில்கூட அந்த வாசனை. எங்கள் வீட்டுக்கு வந்துபோன புத்தகத்தைப் பிரித்தால் தும்மல் வரும் என்று வாசகசாலையில் கேலி செய்வார்கள்.

அந்த வாசகசாலை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. கிராணிகள் என்று நாங்கள் சொல்லும் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், கடைக் கணக்கப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வரும்போது மெட்ராஸில் அச்சடித்த நாவல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். நீலத் தாளில் அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி அடுக்கிவைப்பார்கள். ஆண்கள் மட்டுமே உறுப்பினர். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் சின்னக் கிராணி என்பதால் அவருக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனால் அப்பாவுக்குப் புத்தகம் என்றால் தூக்க மருந்து. இரண்டாம் பக்கத்தில் கண்ணாடி மூக்கை விட்டு வழுக்கும், மூன்றாம் பக்கத்தில் குறட்டை.

அவர் புத்தகம் எடுத்து வந்தது அம்மாவுக்காக. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு கையால் குழம்பைக் கிளறியபடி படிப்பாள். மஞ்சள் படாத விரலால்தான் பக்கம் புரட்டுவாள். அந்த டின்னின் மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி நாய்க்குட்டியோடு நிற்பாள். ஜப்பான்காரன் வந்தபோது வீட்டோடு அது எங்கே போனதோ தெரியவில்லை.

படித்து முடித்த நாவலைப் பற்றி அவள் சும்மா இருந்ததே இல்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

“இந்தத் துப்பறியுற ஆளு இருக்காரே, விடிஞ்சா அடைஞ்சா ஓடிக்கிட்டே இருக்காரு. ஒரு வாய் சோறு திங்கலை. பசிக்காதவனை எப்படிங்க நம்புறது?”

இன்னொரு நாள், “கதாநாயகி கூந்தலை ரெண்டு பக்கத்துக்கு வர்ணிச்சிருக்காரு. அதுக்கு எண்ணெய் தேய்ச்சு விட வீட்டுல ஒரு மனுஷி இல்லை. அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. பாவம், எங்க இருந்து வந்தா இந்தப் பொண்ணு?” என்பாள்.

பிடித்துவிட்டால் அதையும் அப்படியே சொல்வாள். ஜமீன்தார் வீட்டுச் சமையற்காரி ஒருத்தியைப் பற்றிய நாவல் ஒன்று வந்தது. அதை முடித்த அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். “அந்தம்மா கடைசியில சாவியைக் கழட்டி மேசையில வெச்சுட்டுப் போறா பாருங்க, ஒரு வார்த்தை பேசலை. அந்த இடத்துல எனக்கு மூச்சே நின்னுடுச்சு. எழுதின கைக்கு மோதிரம் போடணும்” என்றாள். உப்பில்லாத ரசத்தை அப்பா சத்தமில்லாமல் குடித்தார்.

வினை தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் யாரோ அந்தத் துப்பறியும் நாவலைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். அப்பா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: “பசிக்காதவனை எப்படி நம்புறது?” மாடியே சிரித்ததாம். செயலாளர் முதுகில் தட்டினாராம். அடுத்த மாதம் அவரை எழுந்து பேசச் சொன்னார்கள். அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பேசினார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. வருஷம் பாதி போவதற்குள் அப்பா பெரிய அபிப்பிராயக்காரர் ஆகிவிட்டார். பாசார் பக்கம் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி, “அண்ணே, புதுசா வந்த நாவல் எடுக்கலாமா லா?” என்று கேட்டார்கள். “ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்” என்று அப்பா கம்பீரமாகச் சொல்வார். அம்மா இன்னும் முடித்திருக்க மாட்டாள், அதுதான் காரணம்.

அம்மாவுக்கு இதில் கோபமே இல்லை. கூட்டத்துக்குப் போகும் முன் அப்பா கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பார். அவள் முறத்தில் அரிசி புடைத்தபடி திருத்துவாள். “கத்தாதீங்க. அந்த இடத்தை மெதுவாச் சொல்லணும். சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தணும்.” அப்பா மெதுவாகச் சொல்லி நிறுத்துவார். எனக்கு அதெல்லாம் விளையாட்டு மாதிரி இருந்தது. அவள் மனசில் பிறந்த வாக்கியம் அவர் கோட்டுப் பைக்குள் ஏறிக்கொண்டு தெருவைக் கடந்து போகும். திரும்பி வரும்போது யார் யார் சிரித்தார்கள், யார் யார் தலையாட்டினார்கள் என்று அப்பா ஒன்று விடாமல் சொல்வார். அவளுக்குச் சேர வேண்டியதை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பதுபோலத்தான் சொல்வார். அவளும் அரிசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

இந்த நிலைமையில் வாசகசாலைத் தலைவர் தாமே ஒரு நாவல் எழுதிப் பினாங்கிலேயே அச்சுப்போட்டு வெளியிட்டார்.

தலைவர் யார் என்றால், அப்பாவின் அலுவலகத்தில் பெரிய கிராணி. வெள்ளைக்காரத் தொரைக்கு அடுத்து அவர்தான். அப்போது கம்பெனியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கிராணியின் இடம் காலியாகி, அது அப்பாவுக்கு வரும் என்று பேச்சு இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தொரையிடம் சொல்லப்போகிறவர் தலைவர்தான்.

அவருடைய மனைவியை நாங்கள் கோயிலில் பார்ப்போம். பட்டுச் சேலை, கல் வைத்த மூக்குத்தி, நிமிர்ந்த கழுத்து. யாரோடும் பேச மாட்டார். கேட்டதற்குத் தலையை மட்டும் அசைப்பார். தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதார் குடும்பம், அதனால்தான் இந்தக் கர்வம் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அவரைக் கண்டாலே பயம். அம்மாவும் அவரைத் திமிர்பிடித்தவர் என்றுதான் நினைத்திருந்தாள்.

சித்திரை வருஷப் பிறப்பன்று வாசகசாலையில் ஆண்டுக்கூட்டம். அந்த வருஷம் படித்த நாவல்களைப் பற்றிப் பேச அப்பாவைப் போட்டிருந்தார்கள். கடைசியில் தலைவரின் நாவல். அம்மா அதைப் படித்து முடித்து, பிஸ்கட் டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைப் பற்றி எதுவும் சொல்லாமலே நாளைக் கடத்தினாள். கூட்டத்தன்று காலையில் அப்பா சப்பாத்துக்கு மெருகு போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புத்தகத்துக்கு என்ன சொல்லட்டும்?”

“முன்பாதி எழுதினவரு வேற, பின்பாதி எழுதினவரு வேறன்னு தோணுது. முன்பாதியில நான் அழுதுட்டேன். பின்பாதி வேஷம்.”

அப்பா பிரஷைக் கீழே வைத்தார். “நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவோமே. என்ன கெட்டுப்போச்சு? ரெண்டாம் கிராணி வேலை இருக்கு. இருக்கிற வேலையும் இருக்கு.”

“சொல்லுங்க. நான் வேணாம்னா சொல்றேன்?” அம்மாவின் குரலில் எரிச்சல் இல்லை. “வருஷம் பூரா என் பேச்சைச் சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் உங்க சொந்தச் சரக்கைச் சொல்லுங்க. குடும்பத்துக்காகத்தானே. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“எனக்குச் சொந்தச் சரக்கே கிடையாதே” என்றார் அப்பா. சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் மூவருமே சிரிக்கவில்லை.

சாயங்காலம் மாடி நிறைந்திருந்தது. கூரையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கிறீச்சிடும். ஆண்கள் பெஞ்சுகளில். பெண்களுக்கென்று பின்னால் மூங்கில் தட்டி கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். தட்டியின் இடுக்கு வழியாக எல்லாம் கோடு கோடாகத் தெரியும். எங்களுக்குப் பக்கத்தில் தலைவரின் மனைவி. மல்லிகையும் கற்பூரமும் கலந்த வாசனை அவரிடமிருந்து வந்தது.

அப்பா எழுந்தார். துப்பறியும் ஆள், எண்ணெய் காணாத கூந்தல், சாவியைக் கழற்றி வைத்த சமையற்காரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். சாவி வரும் இடத்தை மெதுவாகச் சொல்லி, நிறுத்தினார். முன்வரிசையில் யாரோ “ஆஹா” என்றார்கள். பக்கத்தில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மினுங்கியது.

பிறகு தலைவரின் நாவல். அப்பா அதைக் கையில் எடுத்தார். தலைவர் மேடையில் கைகளைக் கோத்தபடி காத்திருந்தார். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“இந்த நாவலை நான் படிக்கலை” என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஏதோ நகைச்சுவைக்கு அடிபோடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எந்த நாவலையும் நான் படிக்கலை. இந்த வருஷம் நான் இங்க சொன்னது ஒண்ணும் என்னுது இல்லை. படிச்சது என் வீட்டுக்காரி. அபிப்பிராயமும் அவளோடதுதான். மத்த நாவலுக்கெல்லாம் அவ சொன்னதை நான் சொன்னேன். இதுக்கும் சொல்லலாம். ஆனா இது ஐயா எழுதினது. எழுதினவரு எதிர்ல உக்காந்திருக்காரு. அவருக்குச் சொல்ல வேண்டியதைப் படிச்சவதான் சொல்லணும். நான் நடுவுல நின்னா நல்லா இருக்காது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மின்விசிறி எவ்வளவு சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வயதில் அப்பா பயந்துபோய்த் தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் பேசினார்கள். தப்பிக்க நினைக்கிறவனுக்கு “நல்லா இருக்கு” என்ற இரண்டு வார்த்தை போதும். நானே பிள்ளை பெற்று, வேலைக்குப் போய், மேலதிகாரி முன் கைகட்டி நின்ற பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஒருவர், “பொம்பளைங்க எப்படிப் பேசலாம்?” என்று குரல் கொடுத்தார். செயலாளர், கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவசரமில்லாமல் எழுந்தார். “உறுப்பினரா ஆகக் கூடாதுன்னு விதி இருக்கு. பேசக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை” என்று சொல்லித் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார்.

அம்மா முதலில் தட்டிக்குப் பின்னால் இருந்தபடியே ஆரம்பித்தாள். முன்னால் இருந்தவர்கள் “கேக்கலை, கேக்கலை” என்றார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து தட்டியின் ஓரமாக நின்றாள். மஞ்சள் கறைபட்ட விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டாள்.

“ஐயா, அம்மாவும் மகளும் கப்பல்ல வர்ற பாகம். அம்மா வழியில செத்துப்போறா. அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல், வாந்தி. வாயைத் துடைக்கக் குடிதண்ணி இல்லாம உப்புத் தண்ணியால துடைச்சுக்குது. வெடிச்ச உதட்டுல உப்பு பட்டு எரியுது. அந்த எரிச்சல் வேற எந்த ஞாபகத்தையும் வர விடலைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நோய் பரவாம ஒதுக்கி வைக்கிற தீவுல இறக்கி, துணியெல்லாம் வாங்கி வேகவெச்சு ஈரத்தோட திருப்பிக் குடுக்கிறாங்க. அம்மா சேலையில இருந்த அம்மா வாசனை அத்தோட போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு நான் அழுதுட்டேன். இந்த வருஷம் நான் படிச்ச எல்லாப் புத்தகத்துலயும் இது மாதிரி ஒரு பக்கம் கிடையாது.”

தலைவரின் முகம் மலர்ந்தது. அம்மா அங்கே நிறுத்தியிருக்கலாம்.

“ஆனா அந்தப் பொண்ணு பட்டணத்துக்கு வந்ததுக்கு அப்புறம் நீங்க அவளை விட்டுட்டீங்க. பணக்கார வீடு, காதல், ஏச்சுப்பேச்சு. எல்லாம் வேற நாவல்ல பார்த்ததுதான். கடைசியில கடல்ல இறக்கிச் சாகடிச்சுட்டீங்க. அந்தக் கப்பலையே தாண்டினவ ஒரு பணக்காரி ஏச்சுக்குச் சாவாளா? அவளை உயிரோட வெச்சா என்ன செய்வான்னு உங்களுக்குத் தெரியலை. இல்லைன்னா, எழுதப் பயந்துட்டீங்க.”

பெஞ்சுகளில் சலசலப்பு. அம்மா குரலை உயர்த்தவில்லை.

“முன்பாதி கற்பனை இல்லை, ஐயா. பட்ட யாரோ சொல்லிக் கேட்டு எழுதினது. அது யாருன்னு எனக்குத் தெரியாது. பின்பாதிக்கும் அவங்களையே கேட்டிருக்கலாம்.”

“யாரும் சொல்லலை” என்றார் தலைவர். “எல்லாம் என் கற்பனை.”

முகத்தில் ரத்தமே இல்லை. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். தட்டிக்குப் பின்னால் என் பக்கத்தில் அவருடைய மனைவி பாயின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். புருஷனை அவமானப்படுத்திவிட்டதால் கோபம் போலும் என்று எண்ணி நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில் அப்பா நின்று எங்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் சர்பத் வாங்கிக் கொடுத்தார். “உப்புத் தண்ணி சொன்னே பாரு, அந்த இடத்துல நிறுத்தினே” என்றார் அம்மாவிடம். “நான் நிறுத்துறதை விட நல்லா இருந்துச்சு.” அம்மா கிளாஸைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். இரண்டாம் கிராணி வேலை வேறொருவருக்குப் போனது. அப்பாவின் வேலை பறிபோகவில்லை, அது மட்டும் மிச்சம். ஆனால் அவர் சின்னக் கிராணியாகவே இருந்து, சின்னக் கிராணியாகவே ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் அவருக்குத் ‘தபால்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். பெண்டாட்டி பேச்சைச் சுமந்து திரிந்தவராம். அப்பா அந்தப் பெயருக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. “தபாலை ஒழுங்காக் கொண்டு சேர்த்தேன்ல?” என்பார்.

வாசகசாலையில் புது விதி போட்டார்கள்: உறுப்பினர் அல்லாதவர் படிக்கப் புத்தகம் எடுத்துப் போகக் கூடாது. அப்பா விலகிவிட்டார். அம்மாவுக்குப் படிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. கச்சான் கடையில் கடலை சுற்றித் தரும் காகிதத்தைப் பிரித்து நீவிப் படிப்பாள். ஏதோ நாவலின் நடுப்பக்கம், முன்னும் பின்னும் இராது. அதற்கும் அபிப்பிராயம் சொல்வாள். “இவளுக்கு அவன் மேல இஷ்டமே இல்லை, சும்மா பாவனை. அடுத்த பக்கம் கிடைச்சா நான் சொல்றது சரின்னு தெரியும்.” அடுத்த பக்கம் கிடைத்ததே இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் தலைவரின் மனைவி. மசாலா மண்டி ஆட்கள் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மாடிப்படி ஏறி வந்து நின்றார், மிளகாய் நெடிக்குத் தும்மினார். முந்தானைக்குள்ளிருந்து அந்த நாவலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

“எனக்கு எழுத்துத் தெரியாது, தங்கச்சி. நீ கொஞ்சம் படிச்சுக் காட்டுறியா?”

அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது மிராசுதார் வீட்டுக் குரல் இல்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் கேட்கும் பேச்சு, சொற்களை நீட்டி இழுக்கும் பேச்சு. அம்மாவும் அதைக் கண்டுகொண்டாள். ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள்.

அந்த வாரமும் அடுத்த வாரங்களிலும் மத்தியானங்களில் அவர் வந்தார். அம்மா படித்தாள். கப்பல் பாகத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“அங்க அழுதேன்னு போட்டிருக்காரா? அது தப்பு. அழலை. பசிச்சுது. அம்மாவைத் தண்ணியில விட்டுட்டு வந்து உக்காந்தேன், பசிச்சுது. கஞ்சி எப்ப ஊத்துவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அவருகிட்ட அப்படித்தான் சொன்னேன். கேக்க நல்லா இல்லைன்னு மாத்திட்டாரு போல.”

அம்மாவின் கை புத்தகத்தின் மேலேயே நின்றுவிட்டது. “அக்கா, அதை எழுதியிருந்தா...” என்றாள். நான் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டிருந்தேன். கப்பலில் வந்த பெண் கதையில் வருகிறவள் இல்லை, எதிரே பட்டுச் சேலையில் உட்கார்ந்திருக்கிற இவர்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்று மழை. கதாநாயகி ஒரு முழுப் பக்கத்துக்குப் புலம்பிவிட்டு வடக்குக் கடற்கரையில் இறங்கிப் போகிறாள். அலை மூடுகிறது. முற்றும். அம்மா தயங்கித் தயங்கித்தான் அதைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள்.

தலைவரின் மனைவி புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“நான் செத்துட்டேனா?” என்றார்.

“கதையிலதான், அக்கா...”

“அப்போ இன்னைக்குக் காலையில அவருக்கு மீன் கொழம்பு வெச்சது யாரு?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயைப் பொத்தாமல், மூக்குத்தி ஆட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. எனக்கு எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன். கீழே மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். தீவில் பேர் எழுதிக்கொண்டிருந்த இளவயதுக் கிராணி ஒருவர், தொண்டை கட்டிப்போன இவரிடம் திரும்பத் திரும்பப் பெயரைக் கேட்டிருக்கிறார். பிறகு இவரை நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பால் வடியும் ரப்பர் மரம் சீவினார். விரலில் அந்தப் பால் நாற்றம் போகவே போகாதாம். ஒரு நாள் அந்தக் கிராணி கோட்டும் சப்பாத்துமாகச் சேற்றில் நடந்து லயத்துக்கு வந்து நின்றாராம். இவரைப் பார்ப்பதற்காகவே படகேறி, ரயிலேறி வந்திருந்தார். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி அழைத்துவந்தார். பட்டணத்துக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வந்த வழி தெரிந்தால் நாலு பேர் மதிக்க மாட்டார்கள் என்று தஞ்சாவூர், மிராசு என்று ஒரு கதை கட்டினார்.

“பேசினா தெரிஞ்சுடும்னாரு. அதனால நான் யாருகிட்டயும் பேசுறதில்லை. கர்வக்காரின்னு சொல்லுவாங்க, காதுல விழும். நீ அன்னைக்கு அத்தனை பேரு முன்னால, இது யாரோ பட்டதுன்னு சொன்னே பாரு. என்னையத்தான் கண்டுபிடிச்சுட்டியோன்னு வெலவெலத்துப் போச்சு. வீட்டுக்குப் போனதும் அழுகை வந்துச்சு. பயத்துல இல்லை, தங்கச்சி. நான் பட்டதைக் கேட்டு ஒருத்தி அழுதான்னு தெரிஞ்சுதுல்ல, அதுக்கு.”

“மன்னிச்சுக்கங்க, அக்கா. அவரைப் பயந்தவருன்னு சொல்லிட்டேன்.”

“பயந்தவருதான்” என்றார் அவர். “ஆனா சேத்துல நடந்து வந்தாரே. அதை ஏன் எழுதலை? அதுதானே நல்ல இடம்?”

அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கும்போது படிக்கட்டில் பலகை முனகியது. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். குடையும் இல்லாமல், கோட்டெல்லாம் நனைந்து, பாதிப் படியில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். மனைவியைத் தேடி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கோபக்கார முகத்தை எதிர்பார்த்தேன். வழி தவறிவந்தவர்போலத்தான் இருந்தார்.

அம்மா பதறி எழுந்தாள். அவருடைய மனைவி எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, தோட்டத்துப் பேச்சில், குரலை ஒளிக்காமல் கூப்பிட்டார்.

“மழையில நனைஞ்சுட்டு எதுக்கு அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. நீங்க விட்டுட்ட பாகத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அலுவலகத்தில் அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் வாசலில் குனிந்து சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தார். ஈரத்தில் அது லேசில் அவிழவில்லை. பிறகு உள்ளே வந்து, எங்கள் பாயின் ஓரத்தில், மனைவிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அம்மா துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, துடைக்க மறந்து, அவர் கேட்கத் தொடங்கினார்.